கால் ஊன்றிய அளவு

குழிக்குள் தண்ணீர் நின்றது. அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் தண்ணீரைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

பட்டறையின் நடுவில், ஒரு கார் நீளத்துக்கு, ஆள் நெஞ்சளவு ஆழத்தில் தோண்டி சிமெண்ட் பூசிய குழி அது. வண்டியை மேலே நிறுத்திவிட்டுப் படியில் இறங்கினால் அடிப்பக்கம் மொத்தமும் தலைக்கு மேலே விரிந்து கிடக்கும். மல்லாந்து படுக்க வேண்டாம், முதுகைத் தேய்த்துக்கொண்டு புரள வேண்டாம். இடுப்பு போன மனுஷனுக்கு அந்தக் குழிதான் பிழைப்பு. ஒரு வாரமாக விட்டு விட்டுப் பெய்த மழையில் தெருச் சாக்கடை பொங்கி, பின்சுவர் விரிசல் வழியாக உள்ளே இறங்கி, குழி பாதிக்கு மேல் ரொம்பிவிட்டது. பழைய எஞ்சின் ஆயில் மேலே தோல்போலப் படர்ந்திருந்தது. தண்ணீர் இறைக்கிற மோட்டார் போன மழையிலேயே கருகிப்போனது. வேற வாங்கணும் வாங்கணும் என்று இரண்டு பேரும் பேசியதோடு சரி.

இரண்டு பேர் என்றால் புருஷனும் பொண்டாட்டியும். தெருவில் அவரை ஷாஃப்ட்டுக்காரர் என்பார்கள். அவளை, வயசில் பெரியவர்கள்கூட, பேலன்ஸ் அக்கா என்பார்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சு வரைக்கும் வண்டியின் வயிற்றுக்கடியில் ஓடுகிற நீளக் குழாய்தான் ஷாஃப்ட். எஞ்சின் எவ்வளவு உறுமினாலும் இந்தக் குழாய் சுற்றினால்தான் பின்சக்கரம் சுற்றும். லாரி, வேன், டிராக்டர், எது வந்தாலும் இவர்கள் வேலை அந்தக் குழாயோடு முடிந்துவிடும். அவர் அளப்பார். அவள் லேத்தில் வெட்டுவாள். அவர் இரு முனையிலும், கவட்டைமாதிரி இருக்கிற இணைப்புத் துண்டை, கவையை, வைத்துப் பற்றவைப்பார். கடைசியில் அவள் அதை மெஷினில் ஏற்றிச் சுழலவிட்டு, எந்தப் பக்கம் கனம் குறைகிறதோ அங்கே ஒரு சின்னத் தகடு ஒட்டிச் சமன் செய்வாள். மெஷின் இருக்கிற சுவருக்கு அந்தப்பக்கம் சமையலறை. ஷாஃப்ட் கோணலாகச் சுற்றினால் அலமாரியில் டம்ளர்கள் கலகலவென்று பேசும். டம்ளர் வாயை மூடினால் வேலை முடிந்தது என்று அர்த்தம்.

அளவு அவர் கையிலிருந்து அவள் கைக்குப் போகும்போது அவள் ஒரு கேள்வி கேட்பாள்: "கால் ஊனியிருந்துச்சா?"

வண்டி நாலு சக்கரத்தையும் தரையில் ஊன்றி நின்றபோது எடுத்த அளவா என்று அர்த்தம். வண்டியின் உடம்பைத் தூக்கி நிறுத்தினால் சக்கரம் தொங்கும், பின் அச்சு கீழே இறங்கும், கியர்பாக்ஸுக்கும் அச்சுக்கும் நடுவில் தூரம் கூடிவிடும். அந்த அளவில் வெட்டினால் ஷாஃப்ட் நீளமாகிவிடும். ஷாஃப்டின் முன்முனையை இவர்கள் மூக்கு என்பார்கள். அது கியர்பாக்ஸுக்குள் நுழைந்து, வண்டி குதிக்கும்போது முன்னும் பின்னும் வழுக்க வேண்டும். அதற்கு உள்ளே ஒரு விரற்கடை இடம் விட்டே ஆக வேண்டும். இடமில்லை என்றால் மூக்கு போய் உள்ளே முட்டும். கல்யாணமான புதிதில் அப்படி ஒரு வேனின் கியர்பாக்ஸை உடைத்திருக்கிறார்கள். அதிலிருந்து வந்த கேள்வி. தூக்கத்தில் கேட்டால்கூட அவர் "ஊனியிருந்துச்சு" என்பார். அவள் அதற்கப்புறம் வேறெதுவும் கேட்காமல் குழாயை லேத்தில் மாட்டுவாள்.

அந்த வாரம் வந்தது அவள் தம்பியின் கார்.

தம்பி வேலை நாளெல்லாம் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். விற்காத ரொட்டியைச் சாயங்காலம் அக்கா வீட்டில் போட்டுவிட்டுத்தான் போவான். அம்மா போன பிறகு அவனை வளர்த்தது அக்காதான். சம்பாதித்ததையெல்லாம் ஒரு பழைய காரில் போட்டான். ஊருக்கு வெளியே கைவிட்ட விமான ஓடுதளத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு இரண்டு காராக நேர்கோட்டில் விரட்டுவார்கள். அதில் ஓடுவதற்கென்றே அந்தக் கார். போன தடவை கொடி இறங்கின மாத்திரத்தில் டமாரென்று சத்தம் கேட்டது. கார் நகரவே இல்லை. புது எஞ்சின் கொடுத்த முறுக்கில் பழைய ஷாஃப்ட் நடுவில் திருகிக்கொண்டு போய்விட்டது. பக்கத்துக் கார் போய்ச் சேர்ந்து திரும்பி வருகிறவரைக்கும் தம்பி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தானாம். சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பை வீட்டில் வந்து அவனே நடித்துக் காட்டினான்.

அந்த எஞ்சினைக் கட்டியவர் பெயர் புகை. ஆரம்ப காலத்தில் அவர் கட்டிய எஞ்சினெல்லாம் புகைவிட்டதால் வந்த பெயர். இப்போது விடுவதில்லை, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அடுத்த ஞாயிறு மறுபடி ஓட்டம். அதற்குள் இரண்டு துண்டாக இணைத்திருந்த பழைய ஷாஃப்டை எடுத்துவிட்டு, கனமான குழாயில் ஒரே துண்டாகச் செய்து போட வேண்டும் என்று தம்பியும் புகையும் காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள்.

குழி ரொம்பிக் கிடந்தது. கார் தரையை நக்குகிற மாதிரித் தாழ்ந்தது, அடியில் பூனைகூட நுழையாது. அதனால் ஷாஃப்ட்டுக்காரர் ஜாக்கி வைத்துத் தூக்கி, உடம்புக்கு அடியில் நாலு ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தினார். சக்கரம் நாலும் தொங்கின. ஸ்டாண்டைப் பின் அச்சுக்கு அடியில் கொடுத்திருந்தால் ஓரளவு சரியாக வந்திருக்கும். அது அவருக்கும் தெரியும். ஆனால் அச்சைச் சுற்றி நாலு பக்கமும் கழுவித் துடைக்க வேண்டியிருந்தது, அதற்காக உடம்பில் கொடுத்தார். அட்டையை விரித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு கீழே போய் முதலில் ஒரு அளவு எடுத்து வைத்தார். அப்புறம் ஸ்டாண்டை மாற்றிவிட்டு இன்னொரு தரம் எடுக்கலாம் என்று நினைப்பு.

வெளியே வந்தபோது புகை டீ குடித்துக்கொண்டு கதை அளந்துகொண்டிருந்தார். இந்த எஞ்சின் கக்குகிற சக்திக்கு ஷாஃப்ட் என்ன, பின்னால் வருகிறவன் பல்லே கழன்றுவிடும் என்றார். தம்பி சிரித்தான். ஷாஃப்ட்டுக்காரரும் ஈரத்தரையில் உட்கார்ந்து ஒரு டம்ளர் வாங்கிக்கொண்டார். மிதித்தால் பின்பக்கம் எவ்வளவு உட்காருகிறது என்று தம்பி கையை வைத்துக் காட்டினான். பேச்சு எங்கெங்கோ போனது. அந்த நேரத்தில்தான் அக்கா உள்ளேயிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அளவு என்ன என்று கேட்டாள். சாக்பீஸில் தரையில் எழுதியிருந்ததை அவர் காட்டினார்.

"கால் ஊனியிருந்துச்சா?"

புகை டீயை நிறுத்தினார். "அண்ணே, இந்தப் பட்டறையில யாரு மேஸ்திரி? அண்ணியா, நீங்களா? வாத்தியாரம்மா கணக்க ஒப்பிக்கச் சொல்ற மாதிரில்ல இருக்கு."

தம்பியும் சேர்ந்துகொண்டான். "எங்க அக்கா எனக்குப் பல்லு விளக்குனியான்னு இன்னும் கேக்குதுண்ணே."

ஷாஃப்ட்டுக்காரர் சிரித்தார். சிரிப்பு முடிவதற்குள் சொல்லிவிட்டார்: "ஊனியிருந்துச்சு, ஊனியிருந்துச்சு. போய் வெட்டு."

அவள் போய் வெட்டினாள்.

சொன்ன வாயோடு அவர் அப்போதே இரண்டடி நடந்து போய்த் திருத்தியிருக்கலாம். தம்பியும் புகையும் கிளம்பட்டும் என்று பார்த்தார். அவர்கள் கிளம்புவதற்குள் லேத்து ஓடத் தொடங்கிவிட்டது. லேத்து நின்றபோது குழாய் வெட்டுப்பட்டுப் பளபளவென்று கிடந்தது. ஒரு விரற்கடை இடம் விட்டுத்தானே வெட்டியிருக்கிறாள், தொங்கின அளவு கொஞ்சம் தின்றாலும் மிச்சம் இருக்கும், இந்த வண்டியின் அச்சு எவ்வளவு இறங்கிவிடப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். முகமூடியை மாட்டிக்கொண்டு பற்றவைத்தார். பற்றவைப்பில் ஒரு குறை சொல்ல முடியாது. வெல்டிங் வரி அடுக்கி வைத்த காசுமாதிரி வந்தது. அக்கா மெஷினில் ஏற்றி மதியச் சோற்றுக்குக்கூட எழுந்திருக்காமல் சமன் பார்த்தாள். தம்பி வண்டி என்பதால் வழக்கத்தைவிட அதிக வேகத்தில் சுற்றவிட்டாள். டம்ளர்கள் வாயை மூடின.

ஸ்டாண்டில் நின்ற காரிலேயே மாட்டினார்கள். அழகாக உட்கார்ந்தது. உட்காராமல் என்ன செய்யும், அதே நிலையில் அளந்ததுதானே. கீழே இறக்கி, தம்பி ஓட்டிக்கொண்டு போனான். அக்கா வாசலில் நின்று, தெருமுனை திரும்புகிறவரை சத்தத்தைக் கேட்டாள். அதிர்வே இல்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தம்பி ரொட்டியோடு வந்தான். அக்கா பின்னால் துணி அலசிக்கொண்டிருந்தாள். மாமாவிடம் பட்டறையில் உட்கார்ந்து, வண்டி வழுக்கிக்கொண்டு போகிறது, இப்படி ஒரு ஷாஃப்டு எவனிடமும் இல்லை என்று மனசு நிறையச் சொன்னான்.

"ஒண்ணே ஒண்ணுதான் மாமா. வேகத்தடையில ஏறி இறங்குனா அடியில எங்கயோ டொக்குன்னு ஒரு தட்டு. புகையண்ணன் கேட்டுட்டு கியர்பாக்ஸ் ரப்பரா இருக்கும்னாரு. மாத்திட்டோம். இன்னும் லேசா இருக்கு. புதுசுல்ல, பழகிடும்."

ஷாஃப்ட்டுக்காரர் வாயில் ரொட்டி இருந்தது. மென்று முடிக்க நேரமாயிற்று.

அது என்ன தட்டு என்று அவருக்குத் தெரிந்தது. மூக்கு உள்ளே போய் முட்டுகிறது. தெருவில் மெதுவாகப் போகும்போது தட்டு. ஞாயிற்றுக்கிழமை முழு வேகத்தில் மிதித்து, பின்பக்கம் உட்கார்ந்தால் தட்டாது, இடிக்கும். கியர்பாக்ஸின் வால் உடையும். முன்முனை பிடிப்பில்லாமல் கீழே விழுந்து தரையில் குத்தும். ஓடுகிற காரின் வயிற்றில் கடப்பாரையை ஊன்றின மாதிரி. கார் அதன்மேல் ஏறிப் புரளும். அதற்குள் இருப்பது இவன்.

"ம்" என்றார்.

தம்பி எழுந்து போய்விட்டான். அக்கா ஈரக்கையோடு உள்ளே வந்து, என்ன சொல்லிவிட்டுப் போகிறான் என்று கேட்டாள். நல்லாப் போகுதாம் என்றார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் வாளிச் சத்தத்தில் அக்கா கண் விழித்தாள். பக்கத்தில் அவர் இல்லை. டீ போட்டு எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனாள். அவர் குழிக்குள் முழங்கால் முங்க நின்றுகொண்டு, வாளியில் மொண்டு மொண்டு மேலே வைத்து, படியில் ஏறி, எடுத்துக்கொண்டு போய்த் தெருவில் ஊற்றிவிட்டு, மறுபடி இறங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறை குனியும்போதும் ஒரு கை இடுப்புக்குப் போனது. தெருவெல்லாம் கருப்புத் தண்ணீர். எவ்வளவு நேரமாக இறைக்கிறாரோ, குழியில் பாதி குறைந்திருந்தது.

"எந்த வண்டி வருது?" என்று கேட்டாள். எந்த வண்டியும் வருவதாக அவளுக்குத் தெரியாது.

"தம்பி வண்டி."

"அதுதான் முடிஞ்சிருச்சே."

அவர் இன்னொரு வாளி மொண்டார். தூக்கவில்லை.

"அது ஊனல" என்றார்.

"எது?"

"அன்னைக்கு அளந்தப்போ. தொங்கிட்டு இருந்துச்சு. நீ கேட்டப்போ ஊனியிருந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

அவள் டீயைக் குழியின் விளிம்பில் வைத்தாள். அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவங்க சிரிச்சாங்கன்னுதான் அப்படிச் சொன்னீங்க" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை.

"அவங்க போனதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"எப்போ? அவனைத் தூக்கிட்டு வந்தப்புறமா?"

அவர் வாளியைத் தூக்கி விளிம்பில் வைத்தார். அவள் திரும்பினாள். உள்ளே போய்த் தம்பிக்குப் போன் அடித்தாள். காரைக் கொண்டுவா, ஓட்டிக்கொண்டு வராதே, கட்டி இழுத்துக்கொண்டு வா என்றாள். நாளைக்கு ஓட்டத்தை வைத்துக்கொண்டு இன்றைக்கு எதற்கு என்று அவன் கத்துவது வெளியில் நிற்கிறவருக்கே கேட்டது. ஒரு அளவு பார்க்கணும் என்று மட்டும் சொன்னாள். யார் தப்பு என்று சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு, குளியலறை வாளியை எடுத்துக்கொண்டு வந்து, சேலையைத் தூக்கிச் செருகி, குழிப்படியில் நின்றாள். அவர் மொண்டு கொடுக்கக் கொடுக்க வாங்கி ஊற்றினாள். டீ அங்கேயே ஆடை கட்டி ஆறிப்போனது.

கார் வந்து சேர்ந்தபோது குழியின் தரை தெரிந்தது. புகையும் வந்திருந்தார். கூட நாலு ஆள் சேர்த்து இழுத்து வந்த கடுப்பில் தம்பி யாரிடமும் பேசவில்லை. புகைக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன அண்ணே, அண்ணி பரீட்சைய மறுபடி எழுதச் சொல்லிட்டாங்களா? பொம்பளைங்களுக்குச் சந்தேகம் வந்தா சாமியாலயும் தீக்க முடியாது."

ஆமாம் என்றால் முடிந்தது. தலையை ஆட்டினால்கூடப் போதும். அக்கா லேத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை. துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அவளுக்குச் சந்தேகமில்ல" என்றார் ஷாஃப்ட்டுக்காரர். "நான் தொங்கவிட்டு அளந்தேன். அவ கேட்டா. உங்க முன்னாடி பொய் சொன்னேன். ஷாஃப்டு நீளம். மூக்கு முட்டுது."

புகை சிகரெட் பெட்டியை எடுத்தார். திறக்காமலே உள்ளே வைத்தார்.

தம்பிக்குப் புரியக் கொஞ்ச நேரமானது. "அந்த டொக்…"

"அதான்."

"நேத்து சொன்னேனே மாமா."

"சொன்ன."

லேத்தைத் துடைத்த கை நின்றது. நேற்றே தெரியும் என்பது அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் துணியை மடித்து வைத்தாள். மெதுவாக, ரொட்டியைச் சுற்றுகிற மாதிரி, நான்காக மடித்தாள்.

"ஏறி உக்காருடா" என்றாள் தம்பியிடம். "ஓட்டும்போது எப்படி உக்காருவியோ அப்படி. கனம் தெரியணும்."

அவன் ஏறி உட்கார்ந்தான். காரை உருட்டிக் குழிமேல் நிறுத்தினார்கள். நாலு சக்கரமும் சிமெண்ட்டை அழுத்தி நின்றன. ஷாஃப்ட்டுக்காரர் டேப்பை எடுத்துக்கொண்டு படியை நோக்கிப் போனார். அக்கா கையை நீட்டினாள். அவர் கொடுத்தார். அவளே இறங்கினாள்.

கீழேயிருந்து அவள் குரல் வந்தது. மூக்குக்கும் உள்சுவருக்கும் நடுவில் ஒரு தகடு நுழைய இடமில்லை என்றது. புகையைக் கூப்பிட்டுப் பின்பக்கத்தை நன்றாக அமுக்கச் சொன்னாள். அவர் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கினார். அடியில் டொக்கென்று கேட்டது. காருக்குள் உட்கார்ந்திருந்தவன் காலில் அது தெரிந்திருக்க வேண்டும். ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

அவள் அளவைச் சொன்னாள். இரண்டு தரம் சொன்னாள். அவர் சாக்பீஸால் தரையில் எழுதிக்கொண்டார். ஷாஃப்டைக் கழற்றி, அவர் போட்ட அந்த அழகான வெல்டிங்கை லேத்தில் அவளே கடைந்து எடுத்தாள். சுருள் சுருளாக விழுந்தது. ஒரு விரற்கடைக்குக் கொஞ்சம் கூட வெட்டினாள். பின்பு அவர் பற்றவைத்தார். இந்த முறை வரி அவ்வளவு அழகாக வரவில்லை, ஆனால் பலமாக வந்தது. அவள் மெஷினில் ஏற்றினாள். டம்ளர்கள் ரொம்ப நேரம் பேசின. பொழுது சாய்வதற்குள் நின்றன. மாட்டும்போது குழிக்குள் இருந்து அவர் போல்ட்டை முறுக்க, தம்பி மேலே இருந்து ஸ்பேனரை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். எந்த நம்பர் என்று கேட்டதைத் தவிர ஒன்றும் பேசவில்லை. மாமா என்றுகூடக் கூப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஓட்டத்துக்குப் போகவில்லை. அவருக்கு இடுப்பை அசைக்க முடியவில்லை. அவள் வெந்நீர் வைத்து ஒத்தடம் கொடுத்தாள். போன் மணி அடிக்கும்போதெல்லாம் இருவர் கையும் ஒரே நேரத்தில் போனது. இரண்டு தரமும் வேற யாரோ.

சாயங்காலம் தம்பி வந்தான், முகமெல்லாம் ரப்பர் புழுதி. இரண்டாவது சுற்றில் தோற்றுவிட்டான். உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினான். டயர் பிடிக்கவில்லை என்றான். மூணாவது கியரில் எஞ்சின் திணறுகிறது, புகையண்ணனைச் சட்டையைப் பிடித்துக் கேட்க வேண்டும் என்றான். கொடி போடுகிறவன் கண்ணாடி போடாமல் வந்திருந்தான் என்றான். ஷாஃப்டைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இவர்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. வாசலில் செருப்பை மாட்டும்போது உள்ளே எட்டிப் பார்த்து, "வர்றேன் மாமா" என்றான்.

அக்கா விஷயம் வேறு. அவள் சண்டை போடவில்லை, சோறு போட்டாள், பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் அளவு வாங்கும்போது கேட்கிற அந்தக் கேள்வியை விட்டுவிட்டாள். அவர் அளந்து முடித்ததும் லேத்தை விட்டு எழுந்து வருவாள். வண்டியைச் சுற்றி நடப்பாள். குனிந்து நாலு சக்கரத்தையும் பார்ப்பாள். அப்புறம் போய் வெட்டுவாள். வேன் வந்தாலும் லாரி வந்தாலும் அப்படித்தான். புது மோட்டார் வந்துவிட்டது, சுவர் விரிசலையும் பூசிவிட்டார்கள், குழி எப்போதும் காய்ந்தே கிடந்தது. இருந்தும் அவள் எழுந்து வந்து பார்த்தாள். அவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார். கேட்க மாட்டாளா என்று இருக்கும்.

மழைக்காலம் போய் வெயில் ஏறின பிறகு ஒரு நாள். டிராக்டர் ஷாஃப்ட் ஒன்று மெஷினில் சுற்றிக்கொண்டிருந்தது. நடுவில் நிறுத்த முடியாத வேலை. அவள் குனிந்து, சுற்றுகிற குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வெளியே ஒரு பழைய வேனை அளந்துவிட்டு வந்து, அளவைச் சொன்னார்.

அவள் நிமிரவில்லை.

"கால் ஊனியிருந்துச்சா?"

ஊன்றித்தான் இருந்தது. அவருக்கு நன்றாகத் தெரியும். டேப்பை மேசையில் வைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். வேனைச் சுற்றி ஒரு தரம் நடந்து, நாலு சக்கரத்தையும் குனிந்து பார்த்தார். திரும்பி வந்தார்.

"ஊனியிருக்கு" என்றார்.

சுவருக்கு அந்தப்பக்கம் டம்ளர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தன.